புதிய ஸ்போர்ட்ஸ் காரில் எதை எப்போது மாற்றுவது? மலையக வீதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியே கம்பளைக்கு இறங்கும்போது ஒரு கார் 1,350 மீற்றருக்கும் மேல் உயரத்தை இழக்கிறது. ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள காருக்கு இது, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முப்பது தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமமான சக்தி. அதில் ஒரு பங்கை எஞ்சினும் எதிர்காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக் டிஸ்க்கில் சூடாக இறங்கும். புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தவர்கள் முதலில் விசாரிப்பதோ சைலன்சரையும், எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யூ.வைத் திருத்தும் ரியூனிங்கையும். மலையகத்தில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பிரேக், டயர், சஸ்பென்ஷன், சூடு, அதற்குப் பிறகே வலு. ஒவ்வொன்றுக்கும் உரிய நேரத்தை ஓடிய கிலோமீற்றரும் ஒரு மழைக்காலமும் சொல்லும்.

முதல் 1,600 கிலோமீற்றர்: ஒன்றையும் கழற்றாதீர்கள்

புது எஞ்சினின் பிஸ்டன் வளையங்கள், கியர்பெட்டிப் பற்கள், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும் காலம் இது. டொயோட்டா கையேடுகள் முதல் 1,000 கிலோமீற்றரைச் சொல்கின்றன. சுபாரு பி.ஆர்.இசட். முதல் 1,600 கிலோமீற்றர் வரை 4,000 ஆர்.பி.எம்.மை (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் தடவை) தாண்டவேண்டாம் என்கிறது. பி.எம்.டபிள்யூ.வின் எம் வகைகளுக்கு 2,000 கிலோமீற்றர். உங்கள் கையேடு சொல்வதே உங்களுக்குச் சட்டம்.

சமதரையில் இதைக் கடைப்பிடிப்பது சுலபம். ஏற்றத்தில் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, ஆர்.பி.எம்.மைக் குறைக்கிறேன் என்று நான்காம், ஐந்தாம் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் எஞ்சினைத் திணறவிட்டு ஏறுவது. அதிக ஆர்.பி.எம்.மை விட இதுதான் புது பேரிங்குகளுக்குக் கெடுதல். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து 2,500 முதல் 3,500 வரை வைத்துக்கொண்டு, அக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஏறுங்கள். இரண்டாவது தவறு கிளச்சில் காரை நிறுத்திப் பிடிப்பது. ஏப்ரல் சீசனில் நுவரெலியா நகரத்துக்குள் ஊர்ந்து போகும் வாகன வரிசையில் அரை கிளச்சில் நின்றால், பழகாத கிளச் தட்டு ஒரே நாளில் கண்ணாடிபோல் மினுங்கிவிடும். நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுங்கள்.

இறக்கம் இந்தக் காலத்துக்கு வரம். மூன்றாம் கியரில் அக்சிலரேட்டரை விட்டு எஞ்சின் பிடியில் இறங்கினால் எஞ்சினுக்கும் சுமை குறையும், பிரேக்கும் மிஞ்சும். புதிய பிரேக் பேட்டுகள் பழக ஏறத்தாழ 500 கிலோமீற்றரும், டயரின் மேற்பூச்சு தேய 300 கிலோமீற்றரும் எடுக்கும். எனவே டெலிவரி எடுத்த வாரமே மழையில் வளைவுகளைச் சோதிக்க வேண்டாம்.

1,600இல் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பல கம்பனிகள் இதைக் கட்டாயம் என்று சொல்வதில்லை. ஆனாலும் பழகும் காலத்து உலோகத் தூள் ஒயிலில்தான் கிடக்கிறது. மலையில் அது அதிகச் சுமையோடு சுற்றுகிறது. நாலைந்து லீற்றர் ஒயிலில் கஞ்சத்தனம் பார்க்கத் தேவையில்லை. ஜப்பானில் ஓடி வந்த காராக இருந்தால், மீற்றர் என்ன காட்டினாலும், எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பிரேக் ஒயில், கூலன்ட் நான்கையும் முதல் வாரமே மாற்றிவிட்டு அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

1,600 முதல் 5,000 வரை: காரின் குறையைக் கண்டுபிடிப்பது

இந்தக் கட்டத்தில் பணம் செலவாகாது. ஒரே வீதியை ஒரே விதமாக ஓட்டி, கார் எங்கே முதலில் தளர்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். நுவரெலியாவில் இருப்பவருக்கு றம்பொடை வரை இறங்கி ஏறுவது போதும். ஹட்டன் பக்கத்தவருக்குக் கினிகத்தேனை இறக்கம், பண்டாரவளைக்காரருக்கு எல்லவிலிருந்து வெல்லவாய வரை. வேக எல்லைக்குள் ஓட்டினாலே போதும். மலைவீதி அந்த வேகத்திலேயே காரின் குறையைக் காட்டிவிடும்.

காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓ.பி.டி. சொக்கெட்டில் ஒரு சிறிய ப்ளூடூத் கருவியைச் செருகி, கூலன்ட் சூடு, உள்ளிழுக்கும் காற்றின் சூடு, கார் தருமானால் ஒயில் சூடு மூன்றையும் கைப்பேசியில் பதியுங்கள். இறக்கம் முடிந்த இடத்தில் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றை விடச் சூடாக இருந்தால், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கெலிப்பர் இறுகுகிறது. அது மேம்படுத்தலுக்குரிய விஷயமல்ல, வாரண்டிக்குரிய விஷயம். காரைக் கழற்றத் தொடங்குவதற்கு முன்பே இப்படியான பிறவிக் குறைகளை ஏஜன்டிடம் சரிசெய்துகொள்ளத்தான் இந்த 5,000 கிலோமீற்றர்.

இந்த ஓட்டத்தில் வலு போதவில்லை என்று தோன்றும். காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் 101 கிலோபாஸ்கல் என்றால் இங்கே ஏறத்தாழ 81. குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும், டேர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் விசிறி) இல்லாத எஞ்சின் கொழும்பில் தருவதில் 15 சதவீதத்துக்கும் மேல் இங்கே இழக்கும். 235 குதிரைவலு கொண்ட டொயோட்டா ஜி.ஆர். 86, நுவரெலியாவில் 200ஐச் சுற்றித்தான் தரும். சைலன்சரும் திறந்த காற்று வடிகட்டியும் சேர்ந்து தரக்கூடிய சில சதவீதம் இந்தப் பள்ளத்தை நிரப்பாது.

பிரேக்: 5,000இல் செய்யும் முதல் வேலை

பிரேக்கில் என்ன கெட்டது என்று தெரியாமல் பெரிய டிஸ்க் செட் வாங்குகிறவர்கள் அதிகம். மிதியே உங்களுக்குச் சொல்லும்.

இறக்கத்தின் கடைசியில் மிதி பஞ்சுபோல் உள்ளே போனால் பிரேக் ஒயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. மிதி கெட்டியாகவே இருந்தும் கார் பிடிக்கவில்லை, எரிந்த வாடை வருகிறது என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. மிதியும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் பெரும்பாலும் டிஸ்க் வளையவில்லை. சூடான நிலையில் பிரேக்கை அழுத்திப் பிடித்து நின்றதால் பேட்டின் பொருள் டிஸ்க்கில் அப்பிக்கொண்டது. முதலாவதற்கு ஒயில், இரண்டாவதற்கு பேட், மூன்றாவதற்கு ஓட்டும் பழக்கம். பெரிய டிஸ்க் இந்த மூன்றில் எதையும் நேரடியாகத் தீர்ப்பதில்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140தான் உத்தரவாதம். டொட் 4க்கு 230, 155. டொட் 5.1க்கு 260, 180. இதில் டொட் 5 என்பது சிலிக்கோன். பெயர் ஒத்திருக்கிறதே என்று மற்றவற்றோடு கலந்தால் முழு பிரேக் தொகுதியும் கெடும். நுவரெலியாவில் தண்ணீரே 94 பாகையளவில் கொதித்துவிடுகிறது. பிரேக் ஒயிலும் கடல் மட்டத்தை விடக் கொஞ்சம் முன்னதாகவே கொதிக்கும். மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற அட்டவணை போதாது. வருடத்துக்கு ஒருமுறை, மே மாத மழைக்கு முன் மாற்றுங்கள்.

மாற்றும் முறை:

1. கையேடு அனுமதிக்கும் டொட் 5.1 அல்லது உயர்தர டொட் 4, மூடி உடைக்காத போத்தலாக 1 லீற்றர். திறந்து வைத்திருந்த போத்தல் வேண்டாம்.
2. தொட்டியிலுள்ள பழைய ஒயிலை ஊசியால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்புங்கள்.
3. கையேட்டிலுள்ள சக்கர வரிசைப்படி பிளீட் செய்யுங்கள், அதாவது பழைய ஒயிலையும் காற்றையும் வெளியேற்றுங்கள். பல கார்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரம் முதலில் வரும், எல்லாவற்றிலும் அப்படியல்ல.
4. ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் கெலிப்பரிலுள்ள நிப்பிளை (ஒயிலை வெளியே விடும் சிறு திருகு) திறந்து மூட வேண்டும். நிப்பிள் மூடும்வரை மிதியை விடக்கூடாது. குழாயில் வரும் ஒயில் நிறம் தெளிந்து குமிழி நிற்கும்வரை தொடருங்கள்.
5. அடிக்கடி தொட்டியைப் பாருங்கள். அது வற்றிக் காற்று ஏ.பி.எஸ். பெட்டிக்குள் போனால் ஸ்கேனர் இல்லாமல் வெளியே எடுப்பது கஷ்டம்.
6. சிந்திய ஒயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.
7. சக்கர நட்டுகளை டோர்க் ரென்சால் (இறுக்கும் விசையை அளக்கும் சாவி) கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 100 முதல் 120 நியூட்டன் மீற்றருக்குள் இருக்கும்.

பேட் வாங்கும்போது பந்தயப் பேட்டுகளைத் தவிருங்கள். சூடேறினால்தான் பிடிக்கும் வகை அது. ஜனவரியில் அதிகாலை 10 பாகைக்கும் கீழே இருக்கும் ஊரில், வீட்டு வாசலிலிருந்து இறங்கும் முதல் வளைவிலேயே பிரேக் வேண்டும். குளிரிலிருந்தே வேலை செய்து 500 பாகையளவு வரை தாங்கும் வீதி வகைப் பேட்தான் இங்கு சரி. பொருத்தியபின் வாகனமில்லாத நேரான வீதியில் 60இலிருந்து 15 வரை நடுத்தர அழுத்தத்தில் பத்து தடவை வேகம் குறையுங்கள். இடையில் முழுதாக நிற்கக்கூடாது. பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

இரும்பு வலை சுற்றிய பிரேக் குழாய் நல்லதுதான், அவசரமில்லை. நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் நடந்த பஸ் விபத்தில் 7 உயிர்கள் போயின. அந்தச் சரிவில் இறங்குகிற யாரும் பிரேக்கை இரண்டாம் இடத்துக்குத் தள்ளக்கூடாது.

டயர்: முதல் செட் தேயும்போது

காரோடு வந்த டயரைப் புதிதாகவே கழற்றி எறியத் தேவையில்லை, அது நல்ல கோடைகால ஸ்போர்ட்ஸ் வகையாக இருந்தால். அடுத்ததற்கு ஈரப் பிடிப்பு ஒன்றையே முதல் அளவுகோலாக வையுங்கள். அரைப்பந்தய டயர்கள் மலையில் ஆபத்து. சூடேறாமல் பிடிக்காது, தண்ணீரை வெளியேற்றப் பள்ளமும் போதாது. பள்ளம் 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கத் திகதி இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

சக்கரத்தைப் பெரிதாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். மண்சரிந்த இடங்களிலும் தோட்ட வீதிகளின் மதகுகளிலும் ஒல்லியான பக்கச்சுவர் ரிம்மைக் காப்பாற்றாது. ஜி.ஆர். 86இல் 18 அங்குல ரிம்முக்கான 215/40 ஆர் 18 இருந்தால், 17 அங்குலத்துக்கான 215/45 ஆர் 17க்கு இறங்கலாம். வெளி விட்டம் ஏறக்குறைய அதேதான், இரண்டுமே கம்பனி அளவுகள். எந்தக் காரிலும் அகலத்தை 10 மில்லிமீற்றருக்கு மேல் கூட்டவேண்டாம். வெளி விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறினால் ஸ்பீடோமீற்றரும் ஏ.பி.எஸ்.ஸும் தடுமாறும்.

மேலே ஏறினால் காற்றைக் குறைக்கவேண்டும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழும்பில் 30 பாகையில் 32 பி.எஸ்.ஐ. அடித்த டயர், நுவரெலியாவில் 12 பாகைக் காலையில் அளந்தாலும் 32ஐத்தான் காட்டும். வெளியழுத்தம் குறைவதால் ஏறுவதும் குளிரால் இறங்குவதும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. காலையில் ஓடுவதற்கு முன் கதவுச் சட்டத்திலுள்ள அளவுக்கு அடித்தால் போதும்.

ஒரு மழைக்காலம் கழிந்தபின்: சஸ்பென்ஷன்

ஹட்டன், நுவரெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. உங்கள் சரிவின் மழையில் ஒருமுறையாவது ஓட்டாமல் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். காய்ந்த வீதியில் சுகமாகத் தெரியும் விறைப்பு, ஈரத்தில் குண்டும் குழியுமான வளைவில் சக்கரத்தைத் தரையிலிருந்து துள்ள வைக்கும்.

முதலில் வெறும் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது. முன் கேம்பரை (சக்கரம் நிமிர்ந்து நிற்கும் கோணம்) கார் அனுமதிக்கும் வரை, சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும்படி 1 முதல் 1.5 பாகை வரை கொண்டுபோய், டோவை (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பும் அளவு) பூச்சியத்துக்கு அருகே வையுங்கள். சில கார்களில் இதற்குக் கேம்பர் போல்ட் இரண்டு வாங்கவேண்டியிருக்கும். ஸ்டியரிங்கின் கூர்மை இதிலேயே மாறிவிடும். பலருக்கு இதோடு போதும்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஸ்பிரிங், ஷொக் அப்சோபர் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கம்பனி ஷொக் அதன் விறைப்பை அடக்க முடியாமல் சீக்கிரம் ஒயில் கசியும். காரை 20 மில்லிமீற்றருக்கு மேல் இறக்கவேண்டாம். முன் பம்பரின் உதடு வீட்டுப் பாதையில் எங்கே தட்டும் என்று அளந்துவிட்டு முடிவெடுங்கள். பொருத்தி 500 கிலோமீற்றரில் ஸ்பிரிங் அமர்ந்தபின் மறுபடி அலைன்மென்ட்.

முன்சக்கர ஓட்டமுள்ள சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஹொண்டா சிவிக் போன்றவற்றில் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் பின் ஸ்டெபிலைசர் தண்டைத் தடிப்பாக்குவது மலிவான மேம்படுத்தல் என்று விற்பார்கள். ஏற்றத்தில் கார் நன்றாகத் திரும்பும். ஈரமான இறக்கத்தில், பின்பக்கம் ஏற்கெனவே இலேசாகியிருக்கும்போது, வளைவின் நடுவே அக்சிலரேட்டரை விட்டால் வால் சுழன்றுவிடும். பள்ளத்தாக்குப் பக்கம் தடுப்புச்சுவர் இல்லாத வீதிகளில் இந்த வேலையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சூடு: வலுவுக்கு முன்னுரிமை பெறும் விஷயம்

லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் உழைப்பு அதிகம், முன்கிரில்லுக்குள் வரும் காற்று குறைவு. டேர்போ கார்களில் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இந்த நேரத்தில் ஊறிச் சூடாகி, உள்ளிழுக்கும் காற்று வெளிக்காற்றை விட 30, 40 பாகை கூடிவிடும். உங்கள் பதிவில் இது தெரிந்தால் முதலில் இன்டர்கூலர். ஒயில் சூடு 90 முதல் 110 வரை சரி. தொடர்ந்து 130ஐத் தொட்டால் ஒயில் கூலர் தேவை. அதில் தெர்மோஸ்டாட் கட்டாயம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த காலையில் ஒயில் 90ஐ எட்டாது. ஈரமும் எரியாத பெற்றோலும் அதிலேயே தங்கும். நேரடி ஊசி டேர்போ எஞ்சினில் குறுந்தூரம் மட்டும் ஓடுபவர்கள் டிப் ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒயில் மட்டம் ஏறி, பெற்றோல் வாசம் வந்தால் அடுத்த ஒயில் மாற்றும் தவணை வரை காத்திராமல் மாற்றுங்கள்.

கடதாசி வேலைகள்

லீசிங்கில் எடுத்த காருக்குப் பதிவுச் சான்றிதழில் லீசிங் கம்பனிதான் முழு உரிமையாளர். அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் பெரிய மாற்றம் செய்யாதீர்கள். காப்புறுதிக் கம்பனிக்கு ஒவ்வொரு பாகத்தையும் பட்டியலிட்டுக் கடிதம் கொடுத்துப் பிரதியை வையுங்கள். எஞ்சின் மாற்றம், நிற மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்படவேண்டியவை. புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிடிக் கன்வேட்டரைக் கழற்றினால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் அகப்படலாம், அப்படியானால் வருமான உத்தரவுப் பத்திரமும் கிடைக்காது. கழற்றிய கம்பனிப் பாகங்கள் எல்லாவற்றையும் நட்டோடு பெட்டியில் வையுங்கள்.

வலு: 10,000க்குப் பிறகு, இரண்டு உயரத்துக்கும் சேர்த்து

வாரண்டி முடியும்வரை ஈ.சி.யூ.வைத் தொடாமலிருப்பது நல்லது. பொறுக்க முடியாதவர்களும் 10,000 கிலோமீற்றரையும் மேலே சொன்ன வேலைகளையும் முடித்திருக்கவேண்டும்.

பெற்றோல் முதல் கேள்வி. ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்குக் குறைந்தபட்ச எல்லையே 96. இங்கே சாதாரணமாகக் கிடைப்பவை 92உம் 95உம். ஜப்பானுக்காகத் தயாரித்த கார் இங்கே 95இல் ஓடும்போதே தன் கையிருப்பில் கொஞ்சத்தைச் செலவழித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் வரும் ஆயத்த ரியூன்கள் பெரும்பாலும் 98ஐ மனதில் வைத்தவை. 95இல் ரியூன் செய்து, ஒருபோதும் 92 அடிக்காமலிருக்க முடியுமா என்று உங்கள் வழியிலுள்ள நிரப்பு நிலையங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது உயரம். டேர்போ இல்லாத எஞ்சினை நுவரெலியாவில் வைத்து ரியூன் செய்தால், மெல்லிய காற்றில் நொக் (சிலிண்டருக்குள் பெற்றோல் தறிகெட்டு வெடிப்பது) வராததால் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, நிறைய முன்னே தள்ளமுடியும். அதே கார் கொழும்புக்கு இறங்கியதும் கனத்த, சூடான காற்றில் நொக் தொடங்கும். டேர்போவில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. கொழும்பில் 1.2 பார் பூஸ்டுக்கு (வெளியழுத்தத்துக்கு மேலாக டேர்போ தரும் அழுத்தம்) ரியூன் செய்தால் அங்கே டேர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்துகிறது. ஈ.சி.யூ. அதே மொத்த அழுத்தத்தை நுவரெலியாவிலும் கேட்டால் 2.7 மடங்கு அழுத்தவேண்டும். சிறிய டேர்போ அதற்காக எல்லை மீறிச் சுழன்று, காற்றைப் பொரித்து, கடைசியில் பேரிங் போகும். ரியூனரிடம் கேட்கவேண்டியது ஒன்றே: வெளியழுத்தம் குறையக் குறைய பூஸ்ட் இலக்கும் குறையும்படி அட்டவணை போட்டிருக்கிறீர்களா? அவருக்குக் கேள்வி விளங்கவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

திறந்த கூம்பு வடிகட்டி எஞ்சின் அறையின் சூடான காற்றைத்தான் இழுக்கும். அதில் ஒயில் பூசும் வகை காற்றளவு சென்சாரையும் அழுக்காக்கும். கம்பனிப் பெட்டிக்குள் புதிய வடிகட்டி போதும். முழுவலுவைப் பயன்படுத்த ஆசையுள்ளவர்களுக்கு 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நுவரெலியாவிலேயே இருக்கிறது. தேயிலைக் கொழுந்து லொறிகளும் பாடசாலைப் பிள்ளைகளும் போகும் வீதி அதற்குரிய இடமல்ல.

ரியூன் முடிந்தபின் இரண்டு ஓட்டங்களைப் பதிவு செய்யவேண்டும். ஒன்று, நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு மூன்றாம் கியர் ஏற்றம். மற்றது, கொழும்பில் பிற்பகல் வெயிலில், நெரிசலில் அரை மணி நேரம் நின்ற காரோடு. இரண்டிலும் நொக் திருத்தம், பூஸ்ட், உள்ளிழுக்கும் காற்றின் சூடு மூன்றையும் பாருங்கள். இக்னிஷன் ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப 3 பாகைக்கு மேல் பின்வாங்கினால், அன்றைக்கே கம்பனி மென்பொருளுக்குத் திரும்பி, பதிவை ரியூனருக்கு அனுப்பிவிட்டு மெதுவாக வீடு வாருங்கள்.